விழுந்தான் கோமகனும் குதிரைக்காரி நவோய்காவும்

கோமகன் லூத்தோமிர் முதன்முதலாகக் குதிரையிலிருந்து விழுந்தபோது அவருக்கு ஏழு வயது. அன்றுதான் முடியெடுப்பு விழா. பிறந்ததிலிருந்து வளர்ந்த முடியைத் தகப்பன் தன் கையால் கத்தரித்து, இனி நீ அம்மா மடியில் இல்லை, ஆம்பிளைகளோடு சேர்த்தி என்று சொல்லிப் பிள்ளையைக் குதிரைமேல் உட்காரவைப்பது வழக்கம். ஆயர் வந்திருந்தார். பக்கத்து நாட்டுக் கோமகன்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். தேன்மதுப் பீப்பாய் ஒன்பது காலியாகியிருந்தது. பிள்ளையை இடப்பக்கமாக ஏற்றினார்கள். பிள்ளை வலப்பக்கமாக இறங்கிவிட்டது. மறுபடியும் ஏற்றினார்கள். இந்த முறை வால்பக்கமாக இறங்கியது. மூன்றாவது தடவை ஆயரே கைகொடுத்துத் தூக்கிவிட்டு ஒரு ஜெபமும் சொன்னார். பிள்ளை ஆயர் மேலேயே விழுந்தது.

முதலில் சிரித்தது வேலிமேல் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு சிறுமி. அவளுக்கும் ஏழு வயதுதான். பெயர் நவோய்கா. குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவளுடைய அப்பா. பெரிய கோமகனின் மகனைக் குற்றம் சொல்ல முடியாது, ஆயரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே குதிரை மேல் குற்றம் என்று தீர்ப்பாயிற்று. குதிரை பேசாது என்பதால் தண்டனை குதிரைக்காரருக்கு: யாராலும் விழ முடியாத ஒரு குதிரை இனத்தை இனி நீ வளர்த்துத் தர வேண்டும்.

கொபில்னிகி ஊரில் எல்லோருமே பரம்பரையாகக் கோமகனின் பெண்குதிரைகளை வளர்க்கிறவர்கள். அடுத்த ஊர் ரொட்டி சுடும், அதற்கடுத்த ஊர் கேடயம் செய்யும், இன்னொன்று வேட்டை நாய் வளர்க்கும், கொபில்னிகி குதிரை. மூன்று தலைமுறையாகப் போருக்குக் குதிரை கொடுத்துப் பெயர் வாங்கிய ஊர், அன்றிலிருந்து கட்டில் செய்கிற ஊர் மாதிரி ஆகிவிட்டது. குட்டைக் காலாக, அகல முதுகாக, தூங்குமூஞ்சியாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார் நவோய்காவின் அப்பா. இருபது வருஷத்தில் அந்த ஊர்க் குதிரைமேல் ஒரு கிண்ணம் புளித்த கூழை வைத்தால் சிந்தாமல் சந்தைக்குப் போய்ச் சேரும். லூத்தோமிர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தார்.

எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் இல்லாத கோமகன் கிடையாது. அவருடைய சித்தப்பா வழுக்கையர், அண்ணன் கோணவாயர், மச்சான் நீளக்கழுத்தர். இவர் விழுந்தான். அவர் முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் வேறெந்தப் பெயரும் சொன்னதில்லை.

பத்தொன்பது வயதில் அவர் ஆட்சிக்கு வந்தார். அப்பாவின் நாட்டை அண்ணன் தம்பி மூன்று பேர் பங்கு போட்டதில் அவருக்கு வந்த நாடு எவ்வளவு பெரிசு என்றால், அங்கே துரத்தப்பட்ட ஒரு கோழி அன்று சாயங்காலமே இன்னொரு கோமகனுக்கு முட்டையிடும். அந்த நாட்டையும் கோணவாய் அண்ணன் மூன்று முறை பிடுங்கினார். மூன்று முறையும் லூத்தோமிர் நவோய்காவின் குதிரையில்தான் தப்பி ஓடினார். ஓடினார் என்பது ஒரு பேச்சுக்கு. அந்தக் குதிரைகள் நடக்கும். துரத்தி வந்தவர்கள் எதிரில் மெதுவாக நடந்து போகிறவரைக் கோமகன் என்று நினைக்காமல், தாண்டி ஓடிவிடுவார்கள். ஒரு போரில் அவர் தொடக்கத்திலேயே விழுந்து பள்ளத்தில் கிடந்தார். செத்துவிட்டார் என்று எதிரிகள் பீப்பாயைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் குடித்து முடித்ததும் இவர் எழுந்து போய்க் கோட்டையை வாங்கிக்கொண்டார்.

நாடு சின்னதாக இருந்தாலும் ஆட்சியில் குறை சொல்ல முடியாது. வழக்கு கேட்கும்போது இரண்டு பக்கத்தையும் கடைசிவரை கேட்பார். யாரையும் கேலி செய்யமாட்டார், யார் தடுக்கி விழுந்தாலும் முதலில் கைநீட்டுவது அவர்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை எண்பது பேருடன் கொபில்னிகிக்கு வந்து, ஊரில் உள்ள பாலாடைக்கட்டி, புகைபோட்ட மீன், பட்டாணி எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுப் போவார். போகும்போது வெட்கப்படுவார். அதனாலேயே ஊர் அவரை மன்னித்தது.

நவோய்காவுக்கு அண்ணன் தம்பி இல்லை. இரண்டாவது கோட்டைச் சண்டையில் புருஷனையும் பறிகொடுத்தாள். பிள்ளையும் தங்கவில்லை. அப்பா போனபின், ஊர்க் குதிரைகளுக்கெல்லாம் பொறுப்பாளர் என்பதற்கு அடையாளமான கோல் அவள் கைக்கு வந்தது. பெண்பிள்ளைக்கா என்று கோட்டையில் முணுமுணுத்தவர்களிடம் கோமகன், என்னைப் பள்ளத்திலிருந்து அதிக தடவை தூக்கியவள் அவள்தான், அந்தக் கணக்கில் யாராவது அவளை ஜெயித்தால் கோலை அவருக்குத் தருகிறேன் என்றாராம். ஒருவரும் வரவில்லை. இந்த நாட்டில் கோமகனிடம் அவர் விழுவதைப் பற்றி நேருக்கு நேர் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். எந்தப் பக்கமாக விழுந்தீர்கள், இடுப்பா முழங்கையா என்று வைத்தியச்சி போலக் கேட்பாள். அவரும் சொல்வார்.

நாற்பத்தாறாவது வயதில் அவளுக்குக் காதல் வந்தது. அவளைக் கேட்டால் அப்போது வரவில்லை, வந்து பதினோரு வருஷமாயிற்று, நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை என்பாள்.

கொபில்னிகிக்குக் கீழே ஓர் ஓடை வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. கிழக்குக் கரையில் மேட்டின்மேல் கொபில்னிகி. மேற்குக் கரையில், தண்ணீரை ஒட்டினாற்போல, பீர் காய்ச்சும் பாகோஷின் வீடு. அவர் மனைவியை இழந்தவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். பதினோரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்லி வடித்த சக்கையைக் கூடையில் சுமந்து பாலம் தாண்டி வந்து அவளுடைய குதிரைகளுக்குப் போடுவார். குதிரைகளுக்குச் சக்கை என்றால் உயிர். அவருக்கு உயிர் எது என்று ஊருக்கே தெரியும், அவர்தான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு மார்கழிச் சனிக்கிழமை கூடையைக் கவிழ்த்துவிட்டு, போகாமல் நின்றார்.

"நவோய்கா, ஒங்க வீட்டுக் கூரை ஒழுகுதா?"

"இல்லையே."

"எங்க வீட்டுலயும் ஒழுகல." கூடையைத் தட்டினார். அது ஏற்கெனவே காலியாகத்தான் இருந்தது. "அப்ப ரெண்டு வீடு எதுக்கு?"

அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று. நவோய்கா அன்று சாயங்காலம் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும்போது பாடினாள் என்றும், குதிரைகள் பயந்துபோயின என்றும் சொல்வார்கள்.

அதே வாரம் கோமகன் ஏரியில் விழுந்தார். பனிக்கட்டிமேல் போய்க்கொண்டிருந்தபோது குதிரை ஆபத்தை மோந்து நின்றுவிட்டது. கோமகன் நிற்கவில்லை. தலைக்குமேல் போய்ப் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று வாரம் காய்ச்சல். பிழைத்தால் வெள்ளை அங்கித் துறவிகளின் மடத்துக்கு நிலம் எழுதித் தருகிறேன், ஒரே பகலில் நான் குதிரைமேல் சுற்றிவரும் அளவு நிலம் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்தார்.

எங்கள் பக்கத்தில் நிலம் கொடுப்பது அப்படித்தான். தோலில் எழுதுவதெல்லாம் பிறகு. கொடுக்கிறவர் குதிரையேறி எல்லையைச் சுற்றிவர வேண்டும். குதிரைக் குளம்பு பட்ட வழிதான் எல்லை. பின்னால் கோடாரிக்காரர்கள் மரங்களில் சிலுவை வெட்டிக்கொண்டே போவார்கள். நடுவில் யாராவது விழுந்தால் அந்த இடம் எல்லையின் ஒரு மூலை. அங்கே மண்மேடு எழுப்பிவிட்டு மறுபடி ஏறிப் போகலாம். சூரியன் மறைவதற்குள் புறப்பட்ட இடத்துக்கு வந்து வளையத்தை மூடிவிட்டால் உள்ளே இருக்கிற மண், மரம், மாடு, மனுஷன் எல்லாம் வாங்கியவருக்கு. ஒருமுறை பட்ட குளம்பை யாராலும் அழிக்க முடியாது, கோமகனாலும் முடியாது.

மடத்துத் தலைவர் முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு சுற்றிவரப்போவது யார் என்று யோசித்துக் கவலைப்பட்டார். மண்வெட்டிக்காரர்கள் பன்னிரண்டு பேரை ஏற்பாடு செய்தார். மேடு போட ஆள் போதாது என்று பிறகு நான்கு பேரைச் சேர்த்தார்.

எந்த நிலம் என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்தார்கள். ஓடைத்துறையில் இருக்கும் பேரிமரத்தடியில் புறப்பட்டு, மேற்குக் கரையோரமாகவே தெற்கே போய், மேற்கில் உள்ள பார்லி வயல்களை வளைத்து மறுபடி பேரிமரம். ஓடைதான் எல்லை. பாகோஷின் வீடு உள்ளே, கொபில்னிகி வெளியே.

இதைக் கேட்டு நவோய்கா கோலை ஊன்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மடத்து ஆள் மடத்து நிலத்தைவிட்டு வெளியே குடியிருக்கக் கூடாது. கோமகனின் குதிரைக்காரி குதிரைகளைவிட்டுப் போகக் கூடாது. மீறினால் ஓடிப்போனவர் என்று பிடித்து வருவார்கள். பதினோரு வருஷம் வாயைத் திறக்காத மனுஷன் வாயைத் திறந்த கையோடு, நடுவில் போகிற முழங்கால் தண்ணீர் ஓடை கடலாகப்போகிறது.

வசந்தத்தில் கோமகன் தன் எண்பது பேருடன் வந்தபோது, பட்டாணியைத் தட்டில் போட்டுவிட்டு அவள் நேராகவே கேட்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"ஏரியப் பத்தின்னா கேக்காத."

"கல்யாணத்தப் பத்தி. பாகோஷ மடத்துக்குக் குடுக்கிறீங்க. அப்ப என்னையும் சேத்துக் குடுத்துருங்க. ஊரு, குதிரை எல்லாமா."

கோமகன் கரண்டியைக் கீழே வைத்தார். "கோட்டையக் கேளு. மூணு தடவ போயி மூணு தடவ வந்ததுதான், நாலாவது தடவ போனாப் போகுது. என் பல்லக் கேளு. குதிரையக் கேக்காத நவோய்கா. இந்த நாட்டுல நான் உக்கார எனக்குன்னு இருக்கிறது ரெண்டே எடம். ஒண்ணு நாற்காலி, அதுவும் ஆடுது. இன்னொண்ணு ஒங்க ஊரு குதிரை."

"அப்ப பாகோஷ விட்டுருங்க."

"வாக்குக் குடுத்தாச்சே. மடத்துத் தலைவரு வயலையா கேட்டாரு? அந்த பீரத்தான் கேட்டாரு. வயலு சும்மா சுத்திப் போட்ட வேலி."

அன்று அவர் இரண்டாவது தட்டு பட்டாணி வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போனார். நாற்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. நவோய்காவுக்கு அழுகை வந்தது, கோபம் அதைவிட அதிகமாக வந்தது. இரண்டும் சேர்ந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

புனித யோவான் திருநாள் கழிந்த மறுநாள், வருஷத்திலேயே நீளமான பகல்களில் ஒன்று, சுற்று என்று நாள் குறித்திருந்தார்கள். கோமகனுக்குக் குதிரை தேர்ந்தெடுப்பது வழக்கம்போல நவோய்கா. அவள் லாயத்திலிருந்து நடத்திக்கொண்டு வந்தது சோவாவை. சோவா என்றால் ஆந்தை. ஊரிலேயே பெரிய தூக்கக்காரி, நின்றுகொண்டே கனவு காண்பாள். ஒரே ஒரு விஷயம்: அவளுக்குப் பத்து வாரக் குட்டி ஒன்று இருந்தது, அது அன்று காலை அவள் பக்கத்தில் இல்லை. பால்குடிக்கும் குட்டியைப் பிரித்துவிட்டுத் தாய்க்குதிரையில் யாராவது ஏறுவார்களா என்று கொபில்னிகியில் தவழும் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அன்று காலை ஊரில் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. ஒருவர் வானத்தைப் பார்த்தார், ஒருவர் நல்ல வேலியைப் பிரித்துக் கட்டினார். நவோய்கா சோவாவுடன் தெருவைக் கடந்தபோது ஒருவர் வாயும் திறக்கவில்லை.

பேரிமரத்தடியில் கோமகனின் அரண்மனைக் காரியக்காரர் வித் காத்திருந்தார். கோட்டையில் பிறந்தவர், குதிரையின் மடியைப் பார்க்கத் தெரியாதவர். சாதுவா என்று கேட்டார். தூங்குகிற சாது என்றாள் நவோய்கா. கோடாரிக்காரர்கள், மண்வெட்டிக்காரர்கள் பதினாறு பேர், எழுதிக்கொள்ள மெழுகுப் பலகையோடு மடத்துச் சகோதரர் எக்கார்ட் என்று பெரிய கூட்டம். கோமகனை இடப்பக்கமாக ஏற்றினார்கள். வலப்பக்கம் இரண்டு பேரை முன்கூட்டியே நிறுத்தியிருந்தார்கள். கோமகன் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் திருப்பிக்கொண்டு, ஊர்வலம் நகர்வதற்குள் குறுக்குப் பாதையில் பாகோஷ் வீட்டுக்கு ஓடினாள்.

அங்கே வீட்டின் பின்புறம், ஓடைக்கு எதிர்ப்பக்கம், ஆப்பிள் மரத்தில் சோவாவின் குட்டி கட்டியிருந்தது. அதைச் சுற்றி மெத்தை மாதிரி வைக்கோல். யோசனை இதுதான்: கரையோரமாக வருகிற சோவாவுக்குக் குட்டியின் குரல் கேட்கும். கேட்டதும் கரையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் சுற்றி ஓடி வருவாள். அப்படி வந்தால் எல்லை வீட்டுக்கு மேற்கே போய்விடும், வீடு மடத்துக்குச் சேராது. பாகோஷ் கோமகனின் ஆளாகவே இருப்பார். ஓடைமேல் பாலம் இருக்கிறது, கல்யாணத்துக்குத் தடையில்லை.

பாகோஷ் குட்டியின் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார். "விழுந்துட்டார்னா?"

"அதுக்குத்தான வைக்கோலு."

"செத்துட்டார்னா?"

"நாப்பது வருஷமா விழறாரு. ஒரு தடவையாவது செத்தாரா?"

பாகோஷ் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று ஒப்புக்கொண்டார். இருந்தாலும் போய் இன்னும் ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து போட்டார்.

குட்டிக்குப் பசி. கூப்பிட்டது. தூரத்தில் ஓடைக்கரையில் அரைத்தூக்கத்தில் வந்துகொண்டிருந்த சோவாவின் காதுகள் நிமிர்ந்தன. பிறகு நடந்ததை நவோய்கா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள். அந்தக் குட்டைக்கால் குதிரை, பரம்பரை பரம்பரையாகத் தூங்குவதற்கென்றே வளர்க்கப்பட்ட குதிரை, நான்கு காலும் தரையில் படாமல் பாய்ந்து வந்தது. அவளுடைய அப்பாவும் அவருக்குப்பின் அவளுமாக நாற்பது வருஷம் பாடுபட்டு ஒளித்துவைத்த போர்க்குதிரை உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. மேலே கோமகன். தொப்பி போய்விட்டது. பிடரியை இரண்டு கையாலும் பற்றி, வாயைப் பிளந்து, அவர் அலறுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கோழிகள் கூரைக்குப் பறந்தன. சோவா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, முள்வேலியைத் தாண்டி, குட்டியின் முன்னால் ஆணியடித்தாற்போல நின்றாள்.

நவோய்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வைக்கோல் சரசரக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். கோமகன் குதிரைமேல் இருந்தார்.

குட்டி பால் குடிக்கத் தொடங்கியது. கூட்டம் இன்னும் தூரத்திலேயே இருந்தது.

கோமகன் கீழே பார்த்தார். "இந்த வைக்கோலு எனக்கா?"

"ஆமாங்க ஐயா."

"மூணு வண்டி இருக்குமா?"

"நாலுங்க," என்றார் பாகோஷ்.

கோமகன் குட்டியைப் பார்த்தார். அது கட்டியிருந்த மரத்தைப் பார்த்தார். பாகோஷின் மேலங்கியைக் கெட்டியாகப் பிடித்திருந்த நவோய்காவின் கையைப் பார்த்தார். எவ்வளவு விழுந்தாலும் தலையில் அடிபடாத மனுஷன் அவர், எல்லாம் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது.

"நான் விழல. பாத்தியா?"

"பாத்தேங்க ஐயா."

"வேற யாராவது பாத்தாங்களா?"

அவள் கரைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "இன்னும் வந்து சேரலங்க."

"முப்பத்தொம்பது வருஷத்துல இன்னிக்குத்தான் உக்காந்திருக்கேன். பாக்க ஒரு ஆள் இல்ல." அவர் மூச்சுவிட்டுக்கொண்டார். பிறகு, "குட்டிய அவுத்து விடு. அதுவும் கூட வரட்டும்," என்றார்.

கூட்டம் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தது. கோடாரிக்காரர்கள் ஆப்பிள் மரத்தில் சிலுவை வெட்டினார்கள். மண்வெட்டிக்காரர்கள் எங்கே விழுந்தார், எங்கே மேடு என்று தேடினார்கள். பீர் வீடு எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று புரிந்ததும் சகோதரர் எக்கார்ட் வைக்கோல்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நவோய்கா பாகோஷின் காதில் சொன்னாள்.

அப்போது கோமகன் சோவாவின் தலையைத் திருப்பினார். போக வேண்டிய மேற்கே அல்ல, கிழக்கே. வீட்டின் தெற்குப் பக்கமாக இறங்கி, குட்டி பக்கத்தில் துள்ளிவர, நேராக ஓடைக்குள் இறங்கிவிட்டார். திரும்பிப் பார்க்கவேயில்லை.

நவோய்கா கணக்குப் போட்டாள். வளையம் இப்போது மறுபக்கம் மூடப்போகிறது. வடக்கே பேரிமரம், மேற்கே ஆப்பிள் மரம், தெற்கே இந்த வழி. கிழக்குக் கரையில் ஏறி, கொபில்னிகி மேட்டுக்கு அடியிலேயே திரும்பி வடக்கே போனால் வளையத்துக்குள் இருப்பது ஒரே ஒரு வீடு, பாகோஷின் வீடு. வயலைக்கூடத் தராமல் அவரை மட்டும் மடத்துக்குத் தூக்கிக் கொடுக்கப்போகிறார். ஏமாற்றியதற்குத் தண்டனை. எக்கார்டும் அதே கணக்கைப் போட்டுவிட்டு எழுந்து, ஒரு கால் செருப்பை வைக்கோலிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

சூரியன் உச்சிக்கு ஏறியது. கோமகன் மேட்டுக்கு அடியில் திரும்பிய செய்தி வரவில்லை. பேரிமரத்துக்கு வந்த செய்தியும் வரவில்லை. பாகோஷ் ஒரு குவளை பீர் ஊற்றிக்கொண்டு வந்து, தானே குடித்துவிட்டு, அவளுக்கென்று மறுபடி போய் ஊற்றி, அதையும் குடித்துவிட்டார். தான் போய் எல்லோர் முன்னும் மண்டியிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நவோய்கா கிளம்பினாள். நீ போனால் நானும் வருவேன் என்று பாகோஷும் கிளம்பினார். இரண்டு பேரும் பேரிமரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வெயில் சாய்ந்தபோதுதான் யாரோ கையைக் காட்டினார்கள். கொபில்னிகிக்குப் பின்னால், காட்டுக்கும் அப்பால், மேய்ச்சல் குன்றின் விளிம்பில் ஒரு குட்டைக் குதிரை. பக்கத்தில் துள்ளும் ஒரு புள்ளி. அதற்கும் பின்னால் கோடாரிக்காரர்கள், மண்வெட்டிகளைச் சும்மா தோளில் சுமந்தபடி பதினாறு பேர், கடைசியில் ஒற்றைச் செருப்போடு ஒரு வெள்ளை அங்கி. கோமகன் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார். லாயங்களை, மேய்ச்சலை, குளத்தை, நவோய்காவின் வீட்டை, எல்லாவற்றையும் உள்ளே விட்டுக்கொண்டு. பாடிக்கொண்டு வந்தார். கொடுமையான குரல்.

கேட்காதே என்று சொன்ன குதிரைகளை அவரே சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாகோஷ் ஒரு கரை, நவோய்கா ஒரு கரை, நடுவில் ஓடை, மூன்றும் ஒரே வளையத்துக்குள். நவோய்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இன்னும் ஒரே பயம், விழுந்துவிடக் கூடாது. சூரியனின் கடைசித் துண்டு மரக்கிளைகளுக்குப் பின்னால் இருக்கும்போதே சோவா பேரிமரத்தின் அடியில் வந்து நின்று, உடனே தூங்கிவிட்டாள்.

கோமகன் சுற்றிலும் பார்த்தார். "விழல," என்றார். "யாராவது பாத்தீங்களா?"

"ஊரே பாத்துச்சுங்க ஐயா," என்றாள் நவோய்கா.

அவர் தானாகவே இறங்கினார். இதையும் அதுவரை யாரும் பார்த்ததில்லை. காரியக்காரர் வித் அருகே வந்து, சுற்று தவறிவிட்டது, பார்லி வயல் முழுக்க நம்மிடமே இருக்கிறது, குதிரைகள் எல்லாம் போய்விட்டன, இந்தக் குதிரையும் இப்போது மடத்துடையது என்று மெதுவாகச் சொன்னார். தெரியும் என்றார் கோமகன். எக்கார்ட் கண்ணீரோடு வந்தார். கேட்டது பீர், கிடைத்தது பீரும் நூற்றுப்பத்துக் குதிரையும். கோட்டைவரை போக சோவாவை இரவல் தருவதாகச் சொன்னார். வேண்டாம், இன்று நன்றாக ஓட்டினேன், இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார் கோமகன்.

"இனிமே எதுல ஏறுவீங்க ஐயா?" என்று கேட்டாள் நவோய்கா.

"ஏற மாட்டேன். விழவும் மாட்டேன்." சேணத்தைத் தூக்கி வித்தின் தோளில் வைத்தார். மண்வெட்டிக்காரர்கள் பக்கம் திரும்பி, "காலைல இருந்து சும்மா சுத்துறீங்களே. எப்பவும் விழுந்த எடத்துலதான மேடு போடுவீங்க? பாகோஷ் வீட்டுக்குப் பின்னால, அந்த வைக்கோல் கிடக்கே, அங்க ஒண்ணு போடுங்க. விழாத எடத்துக்கும் ஒண்ணு இருக்கட்டும்," என்றார்.

பதினாறு பேரும் சேர்ந்து மறுநாள் போட்ட மேடு, அந்த நாட்டிலேயே பெரிய எல்லைமேடு ஆகிவிட்டது.

கல்யாணம் அறுப்பு முடிந்ததும் நடந்தது. கோமகன் கோட்டையிலிருந்து நடந்தே வந்து, பட்டாணி மூன்று தட்டு சாப்பிட்டார். சோவாவின் குட்டிக்கு வைக்கோல் என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் பதினான்கு வருஷம் லூத்தோமிர் நடந்தே ஆண்டார். கோணவாய் அண்ணன் சண்டைக்கு அழைத்தால் இவர் நடந்து போய்ச் சேர்வதற்குள் அண்ணனுக்கு அலுத்துப்போய்விடும், இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நாட்டில் அவ்வளவு அமைதி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. மேட்டைப் பார்க்கிறவர்கள் எல்லாம், இதோ, இங்கேதான் விழுந்தான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நவோய்கா அடுப்பை விட்டு வெளியே ஓடிவந்து, விழலே, விழலே என்று ஒவ்வொருவரிடமும் சண்டை போடுவாள்.

அறுபது வயதில் அவர் படுக்கையிலேயே இறந்தார். மடத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார். பெட்டியைக் கோட்டையிலிருந்து கொண்டுவரும் வண்டியை இழுக்க மடத்தார் வைக்கோலை அனுப்பினார்கள். அதற்கு இப்போது பதினான்கு வயது, அம்மாவைப் போலவே தூங்கிக்கொண்டு நடந்தது. வண்டி ஓடைத்துறையில் இறங்கும்போது ஒரு சக்கரம் கல்லில் ஏறிச் சாய்ந்தது. கரையில் நின்ற கூட்டம் அத்தனையும் ஒரே நேரத்தில் கையை நீட்டியது. ஆனால் நவோய்கா அவர்களுக்கு முன்பே தண்ணீரில் இறங்கியிருந்தாள். காலையிலிருந்தே அங்கே அதற்காகத்தான் காத்திருந்தாள். வலப்பக்கம் பெட்டியில் தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள். இடப்பக்கம் பாகோஷ் பிடித்துக்கொண்டார்.

"விழலங்க ஐயா," என்றாள் அவள், பெட்டியைத் தட்டிக்கொடுத்தபடி. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

முழங்கால் தண்ணீரில் இரண்டு பேரும் வண்டியின் இரு பக்கமும் நடந்து, அவரை அக்கரை சேர்த்தார்கள்.